ஹார்வர்டில் படித்தவர்கள்

எங்கள் பக்கத்தில் ஹார்வர்டில் படித்தவர்கள் ஏராளம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "நான் ஹார்வர்டுங்க" என்றால் யாரும் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டார்கள். "எந்த டிவிசன்?" என்றுதான் கேட்பார்கள். கெடா மாநிலத்தில் பீடோங் பட்டணத்தை அடுத்து, ஜெராய் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிற ரப்பர்த் தோட்டம் அது. கூலிம் பக்கம் போனால் டப்ளின் இருக்கிறது. பாடாங் செராயில் விக்டோரியாவும் ஹென்ரியட்டாவும் இருக்கின்றன. காலையில் பசியாறிவிட்டு டப்ளினில் மோட்டாரை முடுக்கினால், ஹார்வர்டில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். உலகப் பூகோளத்தைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருந்த இந்த வட்டாரத்தில் பிறந்து, சரித்திரமும் பூகோளமும் படித்து, பிறகு அதையே சொல்லிக்கொடுத்து, இப்போது ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு சுங்கை பட்டாணியில் உட்கார்ந்திருக்கிறேன்.

பழைய வாத்தியார்கள் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும். "நம்ம காலத்துல என்ன இருந்துச்சு? ஒண்ணுமில்ல. இப்ப பாரு, எல்லாமே இருக்கு." நானும் தலையாட்டுவேன். ஆனால் என்ன இருந்தது, என்ன இல்லை என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தால், வரவும் செலவும் இடம் மாறி நிற்கின்றன.

கணக்கை அப்பாவிடமிருந்து தொடங்க வேண்டும். அவர் படித்தது வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டப் பள்ளி. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் ஏழிலிருந்து பதினாலு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைத்தாக வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனாலும் இங்கேயும் தோட்டத்துக்குத் தோட்டம் கொட்டகை போட்டுப் பள்ளி நடந்தது. பல இடங்களில் எழுத்துத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். புத்தகங்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்தன. அதனால் அப்பாவுக்குக் காவிரி தெரியும், வைகை தெரியும், மதராஸ் மாகாணத்து ஜில்லாக்களை வரிசை பிசகாமல் ஒப்பிப்பார். மூடா ஆற்றில் தூண்டில் போட்டு மீன் பிடித்துத்தான் அவர் வளர்ந்தார். அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று கடைசிவரை அவருக்குத் தெரியாது. தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமே இருந்ததில்லை.

நான் பள்ளிக்கு வந்த அறுபதுகளில் இதெல்லாம் மாறிவிட்டது. 1956 ரசாக் அறிக்கைக்கும் 1957 சுதந்திரத்துக்கும் பிறகு பாடநூல்கள் மலாயா மண்ணுக்கு வந்து சேர்ந்தன. காவிரி போய் மலாக்கா வந்தது. பரமேஸ்வரா மரத்தடியில் உட்கார்ந்திருக்க, சருகுமான் ஒன்று வேட்டை நாயை உதைத்துத் தள்ளிய கதையை நாங்கள் ஆண்டுதோறும் படித்தோம். கெடா அந்தப் புத்தகங்களில் அபூர்வமாகத்தான் தலைகாட்டியது. 1786இல் சுல்தானிடமிருந்து பினாங்கு பிரான்சிஸ் லைட் கைக்குப் போனது. 1909இல் சயாம் எங்களை வெள்ளைக்காரனிடம் ஒப்படைத்தது. 1943இல் ஜப்பான்காரன் எங்களைத் திரும்பவும் சயாமிடம் தூக்கிக் கொடுத்தானே, அது எங்கள் புத்தகத்தில் இல்லவே இல்லை. கைமாறுவதைத் தவிர கெடாவில் வேறெதுவும் நடக்கவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளியில் சுவரில் ஒரு மலாயா வரைபடம் தொங்கும். மேலே இடப்பக்க மூலையைக் கரையான் தின்றிருந்தது. அந்த மூலைதான் நாங்கள். பூகோள உருண்டை ஒன்று தலைமையாசிரியர் அலமாரிக்குள் பூட்டியிருக்கும். கல்வி அதிகாரி வருகிற நாளில் மட்டும் வெளியே வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகும். மற்றபடி கரும்பலகை, சுண்ணக்கட்டி, வாத்தியாரின் குரல், அவ்வளவுதான். அதைத்தான் "ஒண்ணுமில்ல" என்கிறார்கள்.

ஒருநாள் பூகோளத்தில் ரப்பர்ப் பாடம். பாதிப் பிள்ளைகள் விடியற்காலையில் ஆத்தாவோடு காட்டுக்குப் போய் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் இழுத்துவிட்டு வந்தவர்கள். தலைமுடியில் பால் வாடை போகாது. வாத்தியாரையா வாசித்தார்: ரப்பர் மரத்தின் பட்டையைச் சாய்வாகச் சீவினால் பால் வடியும்.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "ஐயா, எந்தப் பக்கம் சாய்வுன்னு போடலையே?"

"என்ன பக்கம்?"

"இடது கைப் பக்கம் மேல, சோத்துக் கைப் பக்கம் கீழ. மாத்தி வெட்டினா பால் கொறஞ்சிரும். எங்கம்மா சொல்லிச்சு."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஓடுவதில்லை. கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தே மேலே ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டுதான் அதிகக் குழாய்களை அறுக்கும். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்துக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்த சங்கதியை, எட்டு வயசுப் பிள்ளை லயத்து வாசலிலேயே தெரிந்துவைத்திருந்தாள். வாத்தியாரையாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான், அவருக்கும் தெரியும். அவர் புத்தகத்தை ஒரு முறை பார்த்தார், அவளை ஒரு முறை பார்த்தார். "உக்காரு. இதெல்லாம் சோதனையில வராது."

அந்த ஒரு வாக்கியம் எங்கள் கல்வி முறையின் அடித்தளம். வீட்டில் தெரிந்துகொண்டதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதற்குப் பெயர்தான் படிப்பு என்று அன்றைக்குப் புரிந்துகொண்டோம்.

சோதனையில் வராத சங்கதிகள் எங்களைச் சுற்றிலும் நிறையவே இருந்தன. பாட்டியின் அண்ணன் ஒருவர் லயத்து வாசலில் சாக்கை விரித்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். கணுக்காலில் குழிவிழுந்த தழும்பு. "சயாமுக்குப் போனவரு" என்பார்கள். 1942லிருந்து 1943 வரை ஜப்பான்காரன் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். அதற்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் லாரியிலும் ரயிலிலும் ஏற்றிக்கொண்டு போனான். போனவர்களில் பலர் காலராவிலும் பசியிலும் அங்கேயே மண்ணாகிப்போனார்கள். எங்கள் தோட்டத்தில் இது தெரியாத பிள்ளை கிடையாது. எந்த வீட்டில் யார் போனது, யார் திரும்பாதது என்று ஆயக்கொட்டகைக் கிழவிவரை வரிசையாகச் சொல்வாள். புத்தகத்தில் ஜப்பானியர் ஆட்சிக்கு அரைப் பக்கம், அதில் மரவள்ளிக் கிழங்குக்கு ஒரு வரி. தாத்தாவுக்கு வரி கிடையாது.

அதே ஹார்வர்ட் தோட்டத்தில்தான் யுத்தம் முடிந்த கையோடு ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை திரட்டினார். கள்ளுக்கடை கூடாது, குடும்பம் தலைநிமிர வேண்டும் என்று கெடாத் தோட்டங்களெங்கும் இளவட்டங்கள் சீருடை போட்டு அணிவகுத்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடை மறியல் போலீஸ் மோதலாகி, உயிர்ச்சேதம்வரை போய், பல பேர் கைதானார்கள். என் பெரியப்பா அந்தப் படையில் நடந்தவர். காக்கிக் கால்சட்டையைத் தகரப் பெட்டியில் மடித்து வைத்திருந்தார். இதற்கும் புத்தகத்தில் இடமில்லை. 1961இல் துன் சம்பந்தனின் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் காசைச் சேர்த்து முதன்முதலாக விலைக்கு வாங்கிய தோட்டமான புக்கிட் சீடிமும் எங்கள் கெடாவில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரன் தோட்டத்தைப் பால்வெட்டுக்காரர்கள் விலைபேசி வாங்கிய சரித்திரம் அது. அதுவும் சோதனையில் வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. தமிழ் வகுப்பில் வாத்தியாரையா மீசையை முறுக்கிக்கொண்டு சொல்வார்: "ராஜேந்திர சோழன் கடல் தாண்டிப் போயி கடாரத்த ஜெயிச்சான்!" நாங்கள் கைதட்டுவோம். கடாரம் எங்கேயோ கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கடாரத்தில் உட்கார்ந்தபடி கைதட்டினோம். 1025இல் சோழன் கப்பல்கள் எந்தக் கரையைத் தேடி வந்தனவோ, அந்தக் கரையிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் எங்கள் வகுப்பு நடந்தது. கைதட்டியது ஜெயித்தவனின் பேரப்பிள்ளைகளா, தோற்ற ஊரின் குடிகளா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. இரண்டும்தான் என்று சொல்ல அவருக்கும் தெரிந்திருக்காது.

மெர்போக் பக்கத்துத் தோட்டமொன்றில் எங்கள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அங்கே ஆற்றோரம் சதுரம் சதுரமாய்ச் செம்பாறாங்கற்கள் கிடக்கும். பெண்கள் அதில் துணி துவைப்பார்கள், ஆண்கள் பால்கத்தி தீட்டுவார்கள். யாரோ ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசிச் சூலம் நட்டிருந்தார்கள். அப்படிச் செய்தவர் படிக்காதவர்தான். ஆனாலும் எங்கள் எல்லோரையும்விடச் சரித்திரத்துக்குக் கிட்டே போனவர் அவர்தான் என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. பூஜாங் பள்ளத்தாக்கு நெடுக இந்து, பௌத்தக் கோயில்களின் அடித்தளங்கள் மண்ணுக்குள் கிடந்தன. ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி 1830, 40களிலேயே இதைப்பற்றி எழுதியிருந்தார். 1930களில் குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரதியும் வந்து தோண்டி, இடங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எடுத்துப் போனார்கள். பட்டியல் லண்டன் போனது, கல் எங்களோடு இருந்தது.

நான் ஆசிரியராகி வெளியே வந்தபோது 'வளங்கள்' வரத் தொடங்கியிருந்தன. 1972 ஜூனில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி மெல்ல மெல்லத் தோட்டப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. முதலில் நான் போன பள்ளியில் கதவு வைத்த பெட்டிக்குள் ஒரு தொலைக்காட்சி இருந்தது. நிகழ்ச்சி நிரல் புத்தகமும் தவறாமல் தபாலில் வரும். நிகழ்ச்சி காலை வேளையில் ஓடும். தோட்டத்து மின்சார இஞ்சின் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் ஓடும். எந்த நிகழ்ச்சியைப் பிள்ளைகள் பார்க்கவில்லை என்று நிரலைப் பார்த்துச் சரியாக எழுதி அனுப்புவோம். 1975இல் பாடநூல் கடனுதவித் திட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது உண்மையிலேயே பெரிய கொடை. இரவல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் முன்பு படித்தவர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். உள்ளே கேள்விகளுக்கு நேராகப் பென்சிலில் விடையும் இருக்கும். புத்தகம் எந்தப் புத்திசாலியிடமிருந்து வந்தது என்று பார்த்துப் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள்.

எண்பதுகளில் சரித்திரமும் பூகோளமும் கலந்து 'ஆலாம் டான் மானுசியா' (இயற்கையும் மனிதனும்) ஆனது. பிறகு 'காஜியான் தெம்பாத்தான்' (உள்ளூர் ஆய்வு) வந்தது. பெயர் மாறும்போதெல்லாம் எங்களுக்குப் பயிற்சி முகாம் நடக்கும். மணிலா அட்டை, மாஜோங் தாள், நிறப்பேனா, பசை சகிதம் மாவட்டத்து ஆசிரியர் நடவடிக்கை மையத்தில் உட்கார்ந்து எரிமலை செய்வோம். பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கிச் செய்த எரிமலை. வாயில் சமையல் சோடாவும் புளிக்காடியும் ஊற்றினால் பொங்கும். தீபகற்ப மலேசியாவில் எரிமலை கிடையாது. கெடாவில் இருப்பவை நெல் வயல், ரப்பர், செம்பனை, ஒரு மலை, ஒரு பழைய துறைமுகம். இவற்றைச் செய்யச் சொல்லி எந்த முகாமிலும் கேட்கவில்லை. உள்ளூரை ஆராயும் பாடத்துக்குப் புத்தகம் தலைநகரத்தில் அச்சாகி வந்தது. அதில் 'உங்கள் வட்டாரத்தில்' என்ற தலைப்புக்குக் கீழே அடுக்குமாடி வீடுகளின் படம் இருந்தது. லயத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்து வரைந்து வண்ணம் தீட்டினார்கள்.

இடைநிலைப் பள்ளியில் பி.எம்.ஆர். சோதனைக் காலத்து 'ஃபோலியோ'வை மறக்க முடியுமா? வரலாற்றுக்கும் புவியியலுக்கும் மாணவன் நேரில் போய், விசாரித்து, படம் எடுத்து, ஆய்வேடு தயாரிக்க வேண்டும். திட்டம் போட்டவர்கள் மேல் குற்றமில்லை. உண்மையாகவே நல்ல யோசனை. ஆனால் ஆய்வு நடந்த இடம் பட்டணத்து அஞ்சடியில் இருந்த போட்டோஸ்டாட் கடை. ஆயத்த ஆய்வேட்டை நகல் எடுத்து, சுருள் கம்பி போட்டு, மேலே பளபளக்கும் உறை மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வருடம் என் மேசைக்கு வந்த கட்டில், உள்ளூர்க் கோயில் வரலாறு எழுதிய பையன் முதல் பக்கத்தில் நன்றி தெரிவித்திருந்தான், ஜொகூரில் இருக்கும் ஓர் ஆசிரியைக்கு. கீழே 'என் அன்புத் தங்கை பாத்திமா'வுக்கும் நன்றி. பையன் பெயர் முனியாண்டி. கூப்பிட்டுக் கேட்டேன். "சார், அந்தப் பக்கத்துக்கும் மார்க்கு உண்டுன்னு சொன்னாங்க" என்றான்.

2013ஆம் ஆண்டை எங்கள் பாடத்தின் பொற்காலம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு முதல் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். சோதனையில் வரலாற்றில் தேறாதவனுக்குச் சான்றிதழ் கிடையாது. அதுவரை கடைசிப் பாட வேளையில் தூங்கி வழிந்த வரலாற்றுக்கு ஒரே நாளில் மரியாதை வந்துவிட்டது. டியூஷன் வகுப்புகள் முளைத்தன. பயிற்சி நூல்கள் செங்கல் கனத்தில் இறங்கின. மூன்றாம் தாள் என்று புதிதாக ஒன்று வந்தது. அதைப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே எழுத விட்டார்கள்.

அதே ஆண்டுக் கடைசியில்தான், வீடமைப்பு வேலைக்காக நிலத்தைச் சமப்படுத்தியபோது பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளியே வந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைமையான கோயில் அடித்தளம். வேல்ஸ் தம்பதியர் எண் போட்டுவிட்டுப் போன பட்டியலில் பதினொன்றாவது. நாடே கொந்தளித்தது. தனியார் நிலம், அரசிதழில் பதிவாகாத சின்னம் என்று விளக்கம் வந்தது. ஒரு பக்கம் வரலாறு படிக்காதவனுக்குச் சான்றிதழ் இல்லை என்ற சட்டம், இன்னொரு பக்கம் சான்றிதழ் இல்லாத வரலாற்றுக்கு மண்வாரி இயந்திரம். இரண்டும் ஒரே ஆண்டில். அடுத்த வாரம் ஒரு மாணவன் கேட்டான், "சார், அந்தப் பதினொண்ணாம் நம்பர் சோதனையில வருமா?" வராது என்றேன். நோட்டை மூடிவிட்டான்.

இப்போது வருவோம், எல்லாமும் இருக்கும் காலத்துக்கு.

சொன்னால் நம்பமாட்டீர்கள், உண்மையிலேயே எல்லாம் இருக்கிறது. மெர்போக்கில் 1980இல் திறந்த தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. பின்புறம் ஓடைக்கரையில் புக்கிட் பத்து பஹாட் கோயிலை 1960 வாக்கில் கல் கல்லாய்ச் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள். சுங்கை பத்துவில் செம்பனைக் காட்டுக்குள் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009லிருந்து தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் படகுத் துறையையும் வெளியே எடுத்திருக்கிறார்கள். 2023இல் புக்கிட் சோராஸில் புத்தர் சிலைகள் கிடைத்தன. சுங்கை பட்டாணியைச் சேர்ந்த டத்தோ வீ. நடராஜன் பூஜாங் பள்ளத்தாக்கைப் பற்றிக் கனத்த ஆங்கில நூலே 2011இல் எழுதிவிட்டார். தேசியப் பழஞ்சுவடிக் காப்பகத்தின் கிளை அலோர் ஸ்டாரில் இருக்கிறது. சயாம் ரயிலைப் பற்றி ஆர். சண்முகத்தின் நாவலும், எங்கள் கெடாக்காரர் கோ. புண்ணியவானின் 'கையறு'வும் இருக்கின்றன. அரைப் பக்கத்தில் அடங்கியதை நாவலாசிரியர்கள்தான் விரித்து எழுத வேண்டியிருந்தது. அந்தத் துயரத்தின் ஆவணங்களையும் உயிர்தப்பியவர்களின் வாய்மொழியையும் சேகரிக்கத் தனி அமைப்பே இயங்குகிறது. கல்வி அமைச்சின் 'டெலிமா' தளம் 2020லிருந்து ஓடுகிறது. கல்வித் தொலைக்காட்சிக்கு 2021இல் தனி அலைவரிசையே கிடைத்தது. மின்சாரமும் இருபத்து நாலு மணி நேரம் உண்டு. ஆசிரியர்களின் வாட்சாப் குழுவில் சனிக்கிழமை இரவு பத்து மணிக்குள் அடுத்த வாரப் பாடக் குறிப்பு, பயிற்சித் தாள், கஹூட் வினாக்கள் எல்லாம் வந்து விழுந்துவிடுகின்றன. யார் தயாரித்தது என்று யாருக்கும் தெரியாது. ஃபோலியோவின் ஆவி சாகவில்லை.

இல்லாமல் போனது ஊர்தான். தோட்டங்களில் பாதி செம்பனைக்கு மாறின. மீதி தாமான் வீடுகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் வந்தது. மங்கு துடைத்த கையின் பேத்தி அங்கே கையுறை மாட்டிக்கொண்டு சில்லு சோதிக்கிறாள், நல்ல சம்பளம். நான் குறை சொல்லவில்லை. லயத்தில் கொசுக்கடி பட்டவன் எவனும் லயத்துக்காக அழமாட்டான். தோட்டப் பள்ளிகள் பல பட்டணத்துக்குப் பெயர்ந்து, மூன்று மாடி, கணினி அறை, திறந்தவெளி மண்டபம் என்று கம்பீரமாக நிற்கின்றன. பெயர்ப்பலகையில் 'லாடாங்' மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்குள் ஒரு ரப்பர் மரம்கூட இல்லை. ரப்பரைப் பரப்பிய ரிட்லி எந்த ஆண்டு சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்றவன் என்பதால் சில பள்ளிகள் அருங்காட்சியகச் சுற்றுலாவுக்கு என்னைத் துணைக்குக் கூப்பிடும். பேருந்து நின்றதும் முதல் அரை மணி கழிவறைக்கு. அடுத்த அரை மணி பதாகை பிடித்துப் படம் எடுக்க. படம் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும், அது ஆதாரம். பிறகு ஆளுக்கொரு பயிற்சித் தாள். ஒரு தடவை, அபிஷேக நீர் வழிந்தோட வைத்த கல்லுக்கு முன்னால் ஒரு பிள்ளை நின்றுவிட்டாள். "டீச்சர், எங்கூட்டுக் கோயில்லயும் இதே மாதிரி இருக்கு. அப்ப இங்க யாரு கும்பிட்டது?" டீச்சர் தாளைப் பார்த்தார். "நாலாவது கேள்வி என்னன்னு பாரு கண்ணு. எந்தக் கல்லால கட்டினதுன்னு கேட்டிருக்கு."

அந்தப் பிள்ளைக்கு அன்று சொல்லியிருக்கக்கூடிய பதில் எவ்வளவு இருக்கிறது! அவள் கொள்ளுப்பாட்டி நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியிருப்பாள். அதற்குத் தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்பே கடாரத்து அரசன் அதே நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரை கட்டினான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்தான். செப்பேடு சொல்கிறது. இருபது ஆண்டு கழித்து அவன் மகன் அதே கடாரத்தின் மேல் படையெடுத்தான். வணிகம், நட்பு, சண்டை, எல்லாம் ஒரே கடல் வழியில் நடந்தன. பிறகு ரப்பர்க் கூலியாகவும் அதே வழியில் வந்தோம். 2025இல் அந்தப் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டைத் தமிழ்நாட்டில் கங்கைகொண்ட சோழபுரத்தில் விழா எடுத்துக் கொண்டாடினார்கள். இங்கே ஒரு மாணவனிடம் 'கடாரம் கொண்டான்' பற்றித் தேடிக்கொண்டு வா என்றேன். நடிகர் விக்ரம் படத்தோடு வந்தான். 2019இல் வந்த படம், கதை நடப்பது கோலாலம்பூரில்.

இத்தனைக்கும் பழைய சாக்கு இன்று செல்லாது. ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். சோதனை 2021இல் எடுக்கப்பட்டது, மூன்றாம் படிவத்து பி.டி.3 அதற்கடுத்த ஆண்டு போனது. பதினொரு வயதுப் பிள்ளையிடம் "சோதனையில வராது" என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் அந்தச் சோதனையே வராது. வாத்தியார்களுக்கு இப்படி ஒரு சுதந்திரம் இந்த நாட்டில் முன்பு கிடைத்ததில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், பழைய சோதனைத் தாள்களைப் பயிற்சியாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் ஓர் இளம் ஆசிரியை போன் செய்தார். "ஐயா, வாய்மொழி வரலாறுன்னு ஒரு நடவடிக்கை. தோட்டத்துல இருந்த பெரியவங்கள பேட்டி எடுக்கணும். பெரியவங்க யாருமே கிடைக்கல, அதான் உங்களக் கேக்கிறேன்." சாக்கு விரித்து வெற்றிலை இடிக்கிற வயதை நானும் எட்டிவிட்டேன் என்பதை இதைவிட மரியாதையாக யாரும் சொல்லியிருக்க முடியாது. சனிக்கிழமை வரச் சொன்னேன்.

இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் வந்தார்கள். கையில் அச்சடித்த கேள்வித் தாள், கைத்தொலைபேசி, அதை நிறுத்த முக்காலி. "மூணு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது தாத்தா, போட்டிக்கு அனுப்பணும்" என்றான் மூத்தவன். முதல் கேள்வி: தோட்ட வாழ்க்கையில் உங்களுக்குப் பிடித்தது என்ன? இரண்டாவது: பிடிக்காதது என்ன? மூன்றாவது: இன்றைய இளைஞருக்கு உங்கள் அறிவுரை என்ன? மூன்றுக்கும் கல்யாண வாழ்த்து மாதிரி ஆளுக்கேற்ற பதில் சொல்லி முடித்தேன். இரண்டே முக்கால் நிமிடம். பையன்களுக்குத் திருப்தி.

அந்தப் பெண் மட்டும் முக்காலியை மடக்கவில்லை. "தாத்தா, இது தாள்ல இல்ல. எங்க பாட்டி ஹார்வர்ட் தோட்டம். அங்க முன்னாடி ஏதோ சண்ட நடந்துச்சாமே, போலீஸ்லாம் வந்து. கேட்டா பாட்டிக்குச் சரியாச் சொல்லத் தெரியல. ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மூணு நிமிஷத்துல முடியாது. கள்ளுக்கடையில ஆரம்பிச்சு எங்க பெரியப்பா கால்சட்டை வரைக்கும் போவணும். சாயங்காலம் ஆயிரும், சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பணும்."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் பையைத் துழாவி ஒரு நீளமான வயரை வெளியே எடுத்தாள்.

"பிளக் எங்க இருக்கு தாத்தா? சார்ஜர் கொண்டாந்திருக்கேன்."